பழைய பதினான்கு

சிலருக்குச் சலரோகம் இருக்கும், சிலருக்கு இரத்த அழுத்தம் இருக்கும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இருந்தது ஒத்துப்பார்க்கிற வியாதி. ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இரண்டு விஷயங்கள் பொருந்தாமல் கிடந்தால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. துறைமுகத்துப் படைத்தளத்தின் சங்கு மத்தியானம் பன்னிரண்டுக்கு ஊதும். அந்த நேரத்தில் புகையிரத நிலையத்து மணிக்கூடு நாலு நிமிஷம் பின்னுக்கு நிற்கும். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த நாங்கள் எல்லாரும் அந்த நாலு நிமிஷத்தோடு சமாதானமாகச் சீவித்தோம். அவர் மட்டும் ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய், இரண்டு நேரத்தையும் எழுதிய துண்டை ஸ்டேஷன் மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். ரயிலே ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருகிறது, அதற்கு இந்த மணிக்கூடு போதும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லி அனுப்பினாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, நான் அடக்கவும் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய மனைவி எனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் குசினிவரை போய் வருகிற உரிமை எனக்கு இருந்தது. அந்த வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் தொங்கும். இரண்டும் ஒரு விரதத்தை ஒரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிட்டால் மனிதர் இரண்டு நாளும் பட்டினி கிடப்பார். எது சரி என்று தெரியாதபோது இரண்டையும் பிடிப்பதுதானே ஒழுங்கு என்பார். இந்த மனுசனோடு குடும்பம் நடத்துகிறதற்குப் பதிலாகத் தானும் ஒரு நிரந்தர விரதம் பிடித்திருக்கலாம் என்று மனைவி என்னிடம் முறையிடுவா. அவர் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

பெயரை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்காமல் எழுதுவது முறையில்லை. அதோடு, பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்துவிட்டாலும் மனிதர் மேலே இருந்து திருத்துவதற்கு இறங்கி வந்துவிடுவார். கந்தோரில் எங்களுக்கு அவர் ‘சரிபிழையர்’. முகத்துக்கு நேரே நான் அண்ணை என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. பதவியில் இரண்டு பேரும் ஒரே படிதான். அவர் பயிற்சிப் பதிவு எழுதுகிறவர், நான் அதே அறையில் டைப் அடிக்கிறவள்.

வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. போகும்போது கப்பல்களோடு பாடப்புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியதை வைத்து எங்கள் ஆட்கள் பயிற்சியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெரிய தளத்தில் மாலுமிகள் ஒரு பக்கம், கிரேன் ஓட்டுகிறவர்கள், லோஞ்ச் ஓட்டுகிறவர்கள், தாங்கி துப்புரவு செய்கிறவர்கள் என்று கூலிக்கு வரும் சனம் இன்னொரு பக்கம், எல்லாருக்கும் பாடம் உண்டு. பாடத்தை எழுதுகிறவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். படிப்பிக்கிறவர்கள் கப்பல் வந்து அணைகிற ஜெட்டி ஓரத்துத் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். யார் எதைப் படித்தார்கள் என்று பதிகிற நாங்கள் கீழ்த்தட்டில். மூன்று இடத்துக்கும் இடையில் முந்நூறு கஜத் தூரம்கூட இல்லை. ஆனால் ஒருவருக்கு மற்றவர் சொல்வது தெரியாது.

அதனால் நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. ஒரு சமையற்காரருக்கு நெருப்பணைக்கிற பாடம் மூன்று தடவை நடந்தது, பாவம், அவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக நனைந்தார். தண்ணீர் வண்டி ஓட்டுகிற ஒருவர் கடலுக்குள் மூழ்குகிற சுழியோடி என்று பதியப்பட்டிருந்தார். செத்துப் பத்து மாதமான ஒரு மனிதருக்கு வகுப்புக்கு வரவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் போனது. அதை அடித்தவள் நான்தான். கொடுத்ததை அடிக்கிறதுதான் என் வேலை, மிச்சத்தை யோசிக்க எனக்குச் சம்பளம் இல்லை என்பேன். அப்படித்தான் நான் அந்தக் காலத்தில் கதைப்பேன்.

அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒருவரும் சொல்லாமலே ஒரு வேலையைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையில் மூன்று கட்டம். மேல்மாடி எழுதிய பாடத்தின் இலக்கம் முதலாவதில், கொட்டகையில் படிப்பித்தவரின் கையெழுத்து இரண்டாவதில், படித்தவர் அதைச் செய்து காட்டிய நாள் மூன்றாவதில். மூன்றும் நிறைந்தால் அட்டையின் தலையில் ஒரு பச்சைக் கிளிப். நிறையாவிட்டால் சிவப்பு. இதற்காக மேல்மாடிக்கும் கொட்டகைக்கும் நடந்து நடந்து ஒரு சோடிச் சப்பாத்தைத் தேய்த்தார். மேல்மாடியார் இது கொட்டகையின் வேலை என்பார்கள். கொட்டகையார், கடுதாசி எல்லாம் மேல்மாடிக்கு என்பார்கள். அவர் இரண்டு பேரிடமும் கோபிக்கமாட்டார். ஒருவருடைய கொப்பியை வாங்கி மற்றவருடைய மேசையில் விரித்து, “ரெண்டையும் பக்கத்தில வையுங்கோ” என்பார். இதுதான் அவருடைய தாரக மந்திரம். பக்கத்தில் வைத்தால் மனிதர்கள் தாங்களாகவே வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று நம்பினார்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் அலுமாரியில் அட்டைகள் வரிசையாக நின்றன. மேலே பச்சை, இடைக்கிடை சிவப்பு. உண்மையைச் சொல்ல வேண்டும், அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. சமையற்காரர் நனைவது நின்றது. செத்தவர்களுக்குக் கடிதம் போவது நின்றது. அட்டை வேலை முடிந்த அன்றைக்கு அவர் தன் செலவில் எல்லாருக்கும் தேத்தண்ணியும் வடையும் வாங்கித் தந்தார்.

ஆனால் ஒன்று நடந்தது, அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் ஜெட்டியில் ஒரு பொல்லாத வேலை வந்தால், கங்காணி ஆட்களை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். முதல் என்ன செய்வாய், பிறகு என்ன செய்வாய், சொல்லு பார்ப்பம் என்பார். சொல்லத் தெரியாதவனை விலத்தி நிறுத்துவார். அட்டை வந்தபிறகு அவருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. எங்கள் அறைக்கு ரெலிபோன் எடுப்பார். பெயரைச் சொல்லி, “பச்சையா?” என்பார். நாங்கள் அலுமாரியைப் பார்த்து, “பச்சை” என்போம். ரெலிபோனை வைத்துவிடுவார். அரை நிமிஷ வேலை. இதைவிட வசதி உண்டா என்று நானே மெச்சியிருக்கிறேன்.

பதினான்காம் பாடத்துக்கு வருகிறேன். அது பார்ஜ் என்கிற சரக்குப் படகுகளின் வயிற்றில் இருக்கும் தாங்கிகளுக்குள் இறங்கித் துரு சுரண்டுகிறவர்களுக்கான பாடம். மூடியபடி மாதக்கணக்கில் கிடக்கிற இரும்புத் தாங்கிக்குள் காற்றுக் கெட்டுப்போகும். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. துரு காற்றைத் தின்றுவிடும் என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். பதினான்காம் பாடம் சொன்னது இதுதான்: மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலம் விடு, பிறகு ஒருவர் இறங்கு, ஒருவர் மேலே நில். பல வருஷமாக அதையே படிப்பித்தார்கள்.

பிறகு எங்கேயோ வேறொரு துறைமுகத்தில் ஆள் செத்ததாம், மேல்மாடியார் பாடத்தை மாற்றினார்கள். பம்ப் வைத்து ஒரு நாள் முழுக்கக் காற்று அடிக்க வேண்டும், விளக்கை முதலில் இறக்கி அது அணையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். நல்ல மாற்றம், யாரும் பிழை சொல்லமாட்டார்கள். ஆனால் இலக்கத்தை மாற்றவில்லை. புதிய பாடமும் பதினான்குதான்.

வேறு யாராக இருந்தாலும் புதிய தாளைக் கோப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் வியாதிக்காரர் அல்லவா, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வாசித்தார். வாசித்தவர் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து நின்றார். பழைய பதினான்கைப் படித்த ஆறு பேருடைய அட்டையிலும் பச்சைக் கிளிப் நின்றது. அட்டையில் பதினான்கு என்றிருந்தது, பாடத்திலும் பதினான்கு என்றிருந்தது. ஆனால் அந்த ஆறு பேருக்கும் விளக்கும் தெரியாது, கயிறும் தெரியாது.

அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதி மேல்மாடிக்கு அனுப்பினார், இலக்கத்தை மாற்றுங்கள், ஆறு பேருக்கும் திரும்பப் படிப்பியுங்கள் என்று. அது ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தது. கீழே ‘பார்த்தேன்’ என்று ஒரு சொல், ஒரு சுருக்கக் கையெழுத்து. இரண்டாவது குறிப்புக்கு, இலக்கம் மாற்றக் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. கொட்டகையாரிடம் போனார். பம்ப் இன்னும் வந்து சேரவில்லை, பம்ப் இல்லாமல் புதிய பாடத்தை எப்படிப் படிப்பிக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்வி. மூன்றாவது குறிப்பும் ‘பார்த்தேன்’ என்று வந்தது. நான் அவற்றை எல்லாம் அடித்தேன். கடைசியில் எரிச்சல் வந்து, அண்ணை, ஒரு தாளில் பத்துத் தடவை அடித்து வைக்கிறேன், கிழமைக்கு ஒன்றாக வெட்டி அனுப்புங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒரு களைப்பு இருந்தது.

ஒரு காலை அந்த ஆறு பச்சைக் கிளிப்பையும் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். அது அவருடைய அதிகாரத்துக்குள் இருந்த ஒரே விஷயம். அடுத்த நாளே விளைவு தெரிந்தது. பச்சை இல்லாதவருக்குத் தாங்கி வேலை இல்லை, தாங்கி வேலை இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்தத் தளத்தில் வேறு வேலையும் இல்லை. கேற்றுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பம்ப் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆறு பேருக்காகவும் கதைக்க மீராசா வந்தார். கிண்ணியாக்காரர், முப்பது வயதிருக்கும். விடியப் பாதையில் ஏறி இந்தக் கரைக்கு வந்து, பின்னேரம் அதே பாதையில் திரும்புகிறவர். பாதை என்றால் வண்டியையும் மாட்டையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஊர்கிற அந்தத் தட்டைப் படகு. அவர் உள்ளே வரவில்லை, எங்கள் யன்னலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சேர், அந்தப் பச்சயத் திரும்பப் போடுங்க,” என்றார். “ஊட்டுல புள்ளப்பேறு வருது. அஞ்சு மாசம். நாங்க படிச்சது படிச்சதுதானே சேர், அத இல்லண்டு செல்லாதீங்க.”

அண்ணை வெளியே போய், மீராசாவை ஒரு பக்கம் கூட்டிவைத்து, புதிய பாடம் முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மீராசா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, அந்த விளக்கும் கயிறும் எங்களுக்கு யார் தருவார்கள் என்று கேட்டார். ஸ்டோர்ஸில் இருந்து அவற்றை எடுக்கப் படிப்பித்தவருடைய சீட்டு வேண்டும், படிப்பிக்காமல் சீட்டுக் கிடையாது.

அண்ணை உள்ளே வந்து கதிரையில் இருந்தார். நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். இதை நான் மறைக்கப்போவதில்லை.

“அண்ணை, அந்த ஆறு குடும்பத்தின்ர அடுப்பையும் நீங்கள் அணைக்கப்போறியளோ?” என்றேன். “மேல இருக்கிறவைக்கே இல்லாத கவலை உங்களுக்கு என்னத்துக்கு? போடுங்கோ கிளிப்பை.”

அவர் லாச்சியைத் திறந்து ஆறு கிளிப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டார். போடும்போது ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் பென்சிலால் ‘பழைய 14’ என்று எழுதினார். பேனாவால் எழுத மேல்மாடி அனுமதி வேண்டும். இரண்டு விஷயம் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும் அவர் விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் வென்றுவிட்டதாக நினைத்து, அன்றைக்கு நல்ல உற்சாகமாக வீட்டுக்குப் போனேன்.

மூன்று கிழமை போயிருக்கும். அவர் நாலாவது குறிப்பைத் தானே கையில் கொண்டு மேல்மாடிக்குப் போயிருந்தார், இந்தத் தடவை நேரில் நின்று பதில் வாங்குவது என்று. ரெலிபோன் அடித்தது. கங்காணி. ஒரு பார்ஜின் தாங்கியைத் துப்புரவாக்கி அவசரமாக வெளிக்கிடுத்த வேண்டுமாம், மீராசா பச்சையா என்று கேட்டார். எனக்கு முன்னால் அடிக்க வேண்டிய கடிதங்கள் குவிந்து கிடந்தன. அலுமாரியை எட்டிப் பார்த்தேன். கிளிப் தெரிந்தது. பென்சில் எழுத்து அந்தத் தூரத்துக்குத் தெரியாது. எழும்பிப் போயிருந்தால் தெரிந்திருக்கும், அல்லது ஞாபகமாவது வந்திருக்கும். “பச்சை” என்றேன்.

பிறகு நடந்ததைக் கங்காணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மூடியைத் திறந்து முக்கால் மணித்தியாலம் ஆனதும், இவ்வளவு காணும், இறங்கு என்று கங்காணி அவசரப்படுத்தினாராம். மீராசா கேட்கவில்லையாம். ஒரு மணித்தியாலம் என்றுதான் படிப்பித்தது என்று சொல்லி, தாங்கியின் வாயில் குந்தியிருந்து, கங்காணியின் கை மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மிச்சக் கால் மணித்தியாலத்தையும் கழித்தாராம். மேலே நிற்க ஒரு ஆளையும் நிறுத்தினாராம். பிறகு இறங்கினார். ஏணியின் கடைசிப் படியை அவருடைய கால் தொடவில்லை, அதற்குள் மயங்கி விழுந்துவிட்டார். மேலே நின்றவன் கூப்பிட்டான், இழுக்கக் கயிறு இல்லை. தாங்கியின் மற்ற மூடியையும் திறந்து, அந்த வழியாக எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பொழுதுபடுவதற்குள் பாதையில் ஏற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அண்ணை மேல்மாடியில் இருந்து இறங்கி வரும்போது கையில் அந்தக் குறிப்பு இருந்தது. செய்தியை நான் சொன்னேன். பச்சை என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் எப்படியோ தாங்கியிருப்பேன். அவர் அலுமாரியடிக்குப் போய் அந்த அட்டையை எடுத்து, மூலையில் இருந்த பென்சில் எழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள். சுருக்கெழுத்து எழுத என்னைத்தான் இருத்தினார்கள், அதனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். முடிவில் தங்கியிருந்தது என்னவென்றும் எல்லாருக்கும் தெரியும். பிழை தளத்துடையது என்றால் மீராசாவின் மனைவிக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் மாதாமாதம் ஒரு உதவிப்பணம் உண்டு. பிழை மீராசாவுடையது என்றால் ஒன்றுமில்லை. செத்தவர் கவனமில்லாதவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

அண்ணை இரண்டு பாடத்தையும் கொண்டுவந்தார். மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். நாலு குறிப்பையும் வைத்தார். அட்டையை வைத்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை அன்றைக்குத்தான் உச்சமாகச் செய்தார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் வைத்தால் மனிதர்களுக்கு விளங்கும் என்ற அவருடைய நம்பிக்கை அப்போதும் உடையவில்லை.

நடுவில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். அட்டையில் என்ன இலக்கம் என்று கேட்டார். பதினான்கு. இப்போது நடைமுறையில் இருக்கிற பாடத்தின் இலக்கம்? பதினான்கு. அப்போ இரண்டும் ஒத்துப்போகிறதே என்றார். அண்ணை மூலையில் இருந்த பென்சில் எழுத்தைக் காட்டினார். பென்சிலில் எழுதியது பதிவு ஆகாது, அது உங்களுக்கே தெரியும் என்றார் அதிகாரி. தெரியும் என்றார் அண்ணை. அந்த விதியைப் பதிவு அறையில் எழுதி ஒட்டியவரே அவர்தான். பிழை என்று தெரிந்திருந்தால் ஏன் பச்சைக் கிளிப் நின்றது என்று இன்னொரு அதிகாரி கேட்டார். நான் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தேன். கிளிப்பைப் போட்டது தான்தான் என்றார் அண்ணை. ரெலிபோனில் பச்சை என்று சொன்னது யார் என்று கேட்டார்கள். எங்கள் அறை என்றார். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை, நானும் தலையை நிமிர்த்தவில்லை.

அறிக்கையை அடிக்கவும் எனக்குத்தான் தந்தார்கள். எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம், முக்கியமான எதை அடித்தாலும் இரண்டு பேர் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் அடித்த பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டு போவார். முடிவில் இரண்டு பேரும் ஒப்பம் வைப்பார்கள். எங்கள் அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். வேறு யாரையும் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம், இது எங்கட வேலைதானே என்று மூலத்தை எடுத்தார்.

அவர் வாசித்தார், நான் விரலை ஓட்டினேன். இறந்தவர் பதினான்காம் பாடத்தில் தேறியவர். பதினான்காம் பாடம் பம்பையும் விளக்கையும் கயிற்றையும் கட்டாயமாக்குகிறது. இறந்தவர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. ஆகவே படித்ததை அனுசரிக்காமல் நடந்தது அவருடைய தவறு. பம்ப் வரவில்லை என்பது சொல்லப்பட்டது, ஆனால் விளக்கும் கயிறும் ஸ்டோர்ஸில் இருந்தன. எல்லாம் இங்கிலீசில், ஒவ்வொரு வசனமும் சுத்தமாக. அவருடைய குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கடைசிப் பந்தி எங்கள் அறையைப் பற்றியது. பாடம் எழுதுவது, படிப்பிப்பது, பதிவது ஆகிய மூன்றையும் ஒரே அட்டையில் இணைத்திருக்கிற இந்தத் தளத்தின் முறை பாராட்டத்தக்கது, படையின் மற்றத் தளங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று சிபாரிசு. அந்த இடத்தில் அவர் நின்றார். பிழை ஏதும் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, அந்த வசனத்தை இன்னொரு தடவை முதலில் இருந்து வாசித்தார். பிறகு தாளை மேசையில் வைத்தார்.

“ஒரு எழுத்தும் பிழை இல்லை, தங்கச்சி,” என்றார்.

ஒப்பம் வைத்தார். நானும் வைத்தேன். வைக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஒன்றும் நடந்திருக்காது. வேறு இரண்டு பேர் ஒத்துப்பார்த்திருப்பார்கள், அவர்களுக்கும் ஒத்துப்போயிருக்கும். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு சங்கு ஊதும்போது அவர் கை மணிக்கூட்டைப் பார்ப்பதை நான் காணவில்லை. வீட்டில் ஒரு பஞ்சாங்கம் இறங்கிவிட்டது என்று மனைவி சொன்னா. அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னா. எனக்கு அழுகை வந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்ணியாவுக்கு வாறீங்களோ என்று கேட்டார். மீராசாவின் மனைவி துக்கம் காத்து இத்தாவில் இருக்கிறா, பிள்ளை பெறும்வரை வெளி ஆண்களைப் பார்க்கமாட்டா, ஒரு பெண் கூட வந்தால் உதவி என்றார். நான் மறுக்க ஏலாமல் போனேன்.

முற்றத்தில் பூவரச மரத்துக்குக் கீழே அவருக்கு ஒரு கதிரை போட்டார்கள். மீராசாவின் மைத்துனர் பக்கத்தில் நின்றார். என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். வாசலில் ஒரு சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அந்தப் பெண் பாயில் இருந்தாள், வெள்ளை உடுத்தி, வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைவிடச் சின்னவள். தாய்க்காரி பால் விடாத பிளேன் ரீயும் சீனியும் கொண்டுவந்து வைத்தா. தளத்தில் இருந்து ஒரு கடிதம் வந்ததாம், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வாசித்துச் சொன்னாராம். படித்ததை அனுசரிக்காமல் என்று அதில் இருந்ததாம். அந்தக் கடிதத்தையும் அடித்தவள் நான்தான். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

“அக்கா,” என்றாள், “அவரு படிச்சத மறந்துதான் எறங்கினாரா? அத மட்டும் அந்த ஐயாட்டக் கேட்டுச் செல்லுங்க.”

நான் திரையை விலக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். கேள்வியை அப்படியே சொன்னேன். அவர் கதிரையில் இருந்து எழும்பி நின்றுதான் பதில் சொன்னார், அவள் முன்னால் நிற்கிறமாதிரி.

“சொல்லுங்கோ தங்கச்சி, படிப்பிச்சதில ஒண்டையும் அவர் விடேல்ல. ஒரு மணித்தியாலம் எண்டு படிப்பிச்சது, ஒரு மணித்தியாலமும் நிண்டுதான் இறங்கினவர். ஒரு ஆளை மேல நிப்பாட்டு எண்டு படிப்பிச்சது, நிப்பாட்டினவர். ரெண்டையும் நான் பக்கத்தில வச்சுப் பார்த்தனான்.”

அதை நான் ஒரு சொல் மாற்றாமல் உள்ளே கொண்டுபோய்ச் சொன்னேன். சொல்லைச் சிந்தாமல் ஓரிடத்தில் இருந்து மற்ற இடத்துக்குக் கொண்டுபோகிறதுதானே இத்தனை வருஷமாக என் தொழில். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தமாதிரி இருந்தது. தாய்க்காரி, நான் சொல்லல்லயா, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று மெல்ல அழத் தொடங்கினா. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

“அப்ப ஏன் அக்கா கடுதாசில அப்பிடி எழுதினாங்க?”

நான் எழும்பினேன். திரையடிவரை வந்தேன். சேலையை விலக்கினால் அவர் அதே இடத்தில் நின்றபடி, அடுத்த கேள்விக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று வந்தவர் அவர், எனக்கு அது தெரியும். சொல்லத் தொடங்கினால் கிளிப்பும் வரும், ரெலிபோனும் வரும்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். வாங்கோ, பாதை வெளிக்கிடப்போகுது என்றேன்.

அவர் அதை நம்பினார். யாரிடமும் போய் ஒத்துப்பார்க்கவில்லை.